கூலியின் குழலும் மாணவனின் மாத்திரையும்

திருக்குறளின் பொருட்பாலில் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. 94ஆம் அதிகாரம் சூது. 95ஆம் அதிகாரம் மருந்து. அறிவை மயக்கும் கள்ளுக்கும் உடலைக் காக்கும் மருந்துக்கும் நடுவே சூதாட்டம் நிற்கும் இவ்வரிசையை, வகுப்பில் பாடம் நடத்தும்போது நாம் விரைந்து கடந்து செல்கிறோம். ஆயினும் நம் காலத்து நிகழ்வொன்றை விளங்கிக்கொள்ள இவ்வரிசை பெரிதும் துணைபுரிகிறது. நோயாளி ஒருவருக்கென மருத்துவர் எழுதித் தந்த மருந்தை, நோயில்லாத மாணவன் ஒருவன் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற வேண்டும் என்னும் ஆசையால் விழுங்குகின்றான். அவன் உண்டது மருந்தா, கள்ளா, அல்லது அவன் ஆடியது சூதா? இவ்வினாவுக்கு விடைகாண, நாம் வாழும் சிங்கப்பூரின் வரலாற்றையே முதலில் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

உழைப்புக்கு ஒரு மருந்து

1819இல் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் கால்வைத்தனர். அடுத்த ஆண்டே, முதல் ஆட்சியாளராகிய வில்லியம் பார்க்குவர், அரசின் செலவுக்குப் பொருள் திரட்டுவதற்காக அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றைக் குத்தகைக்கு விட்டார். சூதாட்டக் குத்தகை 1829இல் ஒழிந்தது. ஆனால் அபின் குத்தகை வேரூன்றி வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அரசின் வருவாயில் ஏறத்தாழப் பாதி அபினிலிருந்தே கிடைத்தது என்றால், அதன் பரப்பை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த அபின் எங்கிருந்து வந்தது? கங்கைச் சமவெளியில் பயிராகி, பாட்னாவிலும் காசியிலும் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, கல்கத்தாத் துறைமுகத்தில் ஏலம் விடப்பட்டுக் கப்பலேறி வந்தது. இங்கே அதனைக் காய்ச்சிச் 'சண்டு' என்னும் புகைக்கும் பொருளாக்கினர். அதனை மிகுதியாக வாங்கியவர்கள் சீனத் தொழிலாளர்கள். காம்பியர்த் தோட்டத்திலும் மிளகுத் தோட்டத்திலும் வெயிலில் நின்றோர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தோர், பிற்காலத்தில் ரிக்‌ஷா இழுத்தோர் முதலியோர் அபின் குழலை நாடினர். உடல்வலி தணிய வேண்டும். மறுநாள் காலையில் மீண்டும் அதே சுமையைத் தூக்க வேண்டும். இதற்கே அவர்கள் அபினை நாடினர். சுருங்கக் கூறின், அவர்களுக்கு அது முதலில் இன்பப் பொருளன்று, உழைப்புக்கான மருந்து. உழைத்து ஈட்டிய கூலி அபினுக்கே போயிற்று. அபினுக்காக மேலும் உழைக்க நேர்ந்தது. இவ்வாறு குழல் கூலியைப் புகைத்தது எனலாம்.

தமிழர்களாகிய நாம் இதனைப் பிறர் கதையென்று ஒதுக்கிவிட இயலாது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர்க்கெனக் கள்ளுக்கடைகள் அரசின் உரிமத்தோடு திறக்கப்பட்டன. பால்மரம் சீவிய களைப்பு அங்கே கரைந்தது. கூலியும் அங்கேயே கரைந்தது. 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள். தம்மை உழைக்கவைக்கும் பொருள் தம்மையே உண்ணுகிறது என்பதை அவர்கள் எந்த நூலையும் படிக்காமலே உணர்ந்திருந்தனர்.

அபினை எதிர்த்தோருள் முன்னின்றவர் டாக்டர் லிம் பூன் கெங். 1906இல் எழுந்த அபின் எதிர்ப்பு இயக்கத்தில் அவர் பங்கு பெரிது. அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. அதன் அறிக்கை 1908இல் வெளிவந்தது. ஆயினும் அபின் உடனே ஒழியவில்லை. 1910இல் அரசே சண்டு தயாரிப்பையும் விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. பாசிர் பாஞ்சாங்கில் அரசின் அபின் ஆலை மலையடிவாரத்தில் இருந்தமையால், அம்மலைக்குப் 'புக்கிட் சண்டு', அதாவது அபின் மலை, என்றே பெயர் நின்றது. 1942 பிப்ரவரியில் மலாய்ப் படைப்பிரிவு வீரப்போர் புரிந்த மலையும் அதுவே. 1933இல் டாக்டர் சென் சு லான் அபின் அடிமைகளுக்கென மருத்துவ நிலையம் ஒன்றை நடத்தினார். இறுதியில் 1946இல்தான் அபின் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. குத்தகை தொடங்கி நூற்றிருபத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

தேர்வு என்னும் புதிய சுமை

இந்த லிம் பூன் கெங்கின் வாழ்வில் நம் பொருளோடு தொடர்புடைய இன்னொரு செய்தியும் உண்டு. 1885இல் நீரிணைக் குடியேற்றங்களின் அரசு உயர்கல்வி உதவிநிதி ஒன்றை நிறுவியது. பின்னர் அது அரசியார் உதவிநிதி எனப் பெயர்பெற்றது. கடுமையான தேர்வில் முதன்மை பெறும் மிகச் சிலருக்கே அது கிட்டும். 1887இல் அதனைப் பெற்ற லிம் பூன் கெங், எடின்பரோ சென்று மருத்துவம் பயின்று திரும்பினார். ஒரு தேர்வு ஓர் இளைஞனின் வாழ்வையே மாற்றிவிடும் என்பதைச் சிங்கப்பூர் அன்று கண்கூடாகக் கண்டது. 1891 முதல் கேம்பிரிட்ஜ் தேர்வுகளும் இங்கு நடைபெறலாயின.

விடுதலைக்குப் பின்னர் இயற்கை வளமற்ற இத்தீவுக்கு மக்களின் அறிவே மூலதனம் ஆயிற்று. 1960இல் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு தொடங்கியது. 1979இல் டாக்டர் கோ கெங் சுவீ குழுவினரின் அறிக்கை வெளியாயிற்று. அதன் வழியே மாணவரைத் தரம்பிரித்துக் கற்பிக்கும் முறை வந்தது. பள்ளியைப் பாதியில் விட்டோரின் தொகையைக் குறைக்க அம்முறை துணைநின்றது என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் ஒன்பது வயதிலும் பன்னிரண்டு வயதிலும் பெற்ற மதிப்பெண் ஒரு பிள்ளையின் நெற்றியில் எழுதிய எழுத்தாகிவிட்டது என்று பெற்றோர் அஞ்சலாயினர். மூட்டை சுமந்த தாத்தாவின் பேரன் புத்தகம் சுமந்தான். சுமையின் உருவம் மாறிற்று, சுமை மாறவில்லை.

எங்கே தாங்கொணாச் சுமை உண்டோ, அங்கே அச்சுமையைத் தாங்கவைக்கும் பொருள் ஒன்று விற்பனைக்கு வரும். அபினின் வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுதான்.

ஒரே ஆண்டு, ஒரே மாத்திரை

லிம் பூன் கெங் உதவிநிதி பெற்ற அதே 1887ஆம் ஆண்டில், பெர்லின் நகரில் லாசர் எடலியானு என்னும் ருமேனிய வேதியியலர் ஆம்ஃபெட்டமின் என்னும் பொருளை முதன்முதலாக உருவாக்கினார். அன்று அதன் பயனை எவரும் அறிந்திலர். 1930களில் அமெரிக்க நிறுவனம் ஒன்று அதனை மூக்கடைப்புக்கான மருந்தாகப் 'பென்சிட்ரின்' என்ற பெயரில் விற்கலாயிற்று. அது உறக்கத்தை ஓட்டுவதும் பின்னர்ப் புலனாயிற்று.

1937ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் மறக்கத்தகாதது. அவ்வாண்டில் ரோட் தீவு மாநிலத்தில் சார்லஸ் பிராட்லி என்னும் மருத்துவர், மனநலச் சிக்கலோடு தம் மருத்துவ இல்லத்தில் தங்கியிருந்த சிறுவர்க்குப் பென்சிட்ரின் கொடுத்துப் பார்த்தார். அலைபாய்ந்த பிள்ளைகள் பலர் அமைதியுற்றுப் பள்ளிப்பாடத்தில் மனம் பதித்ததைக் கண்டு எழுதினார். கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உடைய பிள்ளைகளுக்கு இன்று அளிக்கப்படும் மருத்துவத்துக்கு அதுவே முன்னோடி. அதே 1937இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் உளவியலார் இம்மாத்திரையை ஆய்வு செய்ததைக் கண்டறிந்த மாணவர்கள், தேர்வுக்காலத்தில் கண்விழித்துப் படிக்க அதனைத் தாமே வாங்கி விழுங்கத் தொடங்கினர். உடல்நலம் குன்றியோர் பற்றிய செய்திகள் அமெரிக்க ஏடுகளில் வெளிவந்தன.

ஒரே ஆண்டு; ஒரே மாத்திரை. ஓரிடத்தில் நோயுற்ற பிள்ளைக்கு அது மருந்து. மற்றோரிடத்தில் நோயற்ற மாணவனுக்கு அது சூதாட்டக் காய். மருந்தும் அதன் முறைகேடும் இரட்டைப் பிள்ளைகளாகவே பிறந்தன என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

சப்பானில் நிகழ்ந்தது இதனினும் பெரிது. 1941இல் மெத்தாம்ஃபெட்டமின் என்னும் வலிய மருந்து அங்கே 'பிலோப்பான்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. உழைப்பை விரும்புதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயரை அமைத்தனர். பெயரே அதன் நோக்கத்தைக் கூறிவிடுகிறது! போர் முடிந்தபின் அம்மாத்திரை நாடெங்கும் பரவியது. இரவுத் தொழிலாளர், எழுத்தாளர், மாணவர் எனப் பலரும் அதற்கு இரையாயினர். 1951இல் தனிச்சட்டம் இயற்றி அரசு அதனைக் கட்டுப்படுத்த நேர்ந்தது. 'ஐஸ்' என்ற பெயரில் இன்று சிங்கப்பூரில் பெரிதும் பிடிபடும் போதைப்பொருள் அதே மெத்தாம்ஃபெட்டமின்தான் என்பதை எண்ணுங்கால் நெஞ்சம் நடுங்குகிறது.

1944இல் சுவிட்சர்லாந்தில் லியாண்ட்ரோ பனிசோன் என்பவர் மெத்தில்ஃபெனிடேட் என்னும் மருந்தை உருவாக்கினார். தம் மனைவி ரீட்டாவின் பெயரையொட்டி அதற்கு 'ரிட்டலின்' எனப் பெயர் அமைந்தது. 1954 முதல் விற்பனைக்கு வந்த அது, கவனக்குறைவுக் குறைபாடுடைய பிள்ளைகளுக்கு உலகெங்கும் மருத்துவர் பரிந்துரைக்கும் மருந்தாயிற்று. மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மாணவர் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும் மாத்திரைகளுள் இதுவும் ஒன்றாகிவிட்டது.

சிங்கப்பூரின் சட்டம்

மருந்தாக வந்தது போதைப்பொருளாக மாறும் விந்தையைச் சிங்கப்பூர் முன்பே பலமுறை கண்டுள்ளது. 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் 'எம்.எக்ஸ்.' எனப்பட்ட உறக்க மாத்திரைகள் இளையரிடையே பரவின. 1969இலேயே மருந்துகளின் முறைகேடான பயன்பாட்டைத் தடுக்க ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1971இல் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவும், 1972இல் சிங்கப்பூர்ப் போதைப்பொருள் ஒழிப்புச் சங்கமும் தோன்றின. 1973இல் பழைய சட்டங்கள் ஒன்றாக்கப்பட்டு, போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம் உருவாயிற்று. எரோயின் அடிமைகளை மீட்க மருத்துவர்கள் எழுதித் தந்த 'சுபுடெக்ஸ்' மாத்திரையே ஊசிவழி ஏற்றிக்கொள்ளும் போதையாக மாறியபோது, 2006இல் அதுவும் அச்சட்டத்தின் கடும்பிரிவுக்குள் கொண்டுவரப்பட்டது. அறுவை மருத்துவத்தில் மயக்கமூட்டப் பயன்படும் எட்டோமிடேட் மின்சிகரெட்டுகளில் கலந்து இளையரை அடைந்தது. 2025 செப்டம்பரில் அதுவும் பட்டியலில் சேர்ந்தது.

ரிட்டலினும் இதே சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதே. மருத்துவர் சீட்டு உடையவர் அதனை முறைப்படி உண்ணலாம். அச்சீட்டில்லாதவர் அதனை வைத்திருப்பது குற்றம். இங்கே மாணவர் பலர் அறியாத நுட்பம் ஒன்று உண்டு. இச்சட்டத்தில் கடத்தல் என்பது விற்பதை மட்டும் குறிப்பதன்று, கொடுத்தலும் கடத்தலே. தனக்கென மருத்துவர் தந்த மாத்திரையில் ஒன்றை, தேர்வுக்கு முந்திய இரவில் இரக்கப்பட்டுத் தோழனுக்குக் கொடுக்கும் மாணவன், காசு வாங்காவிடினும் சட்டத்தின் கண்ணுக்குக் கடத்தல்காரன் ஆகின்றான். நட்பின் பெயரால் செய்யும் ஒரு பேதைமை இருவர் எதிர்காலத்தையும் அழித்துவிடக் கூடும்.

ஈண்டு ஒன்றைத் தெளிவாகக் கூறுதல் கடமை. கவனக்குறைவுக் குறைபாடுடைய பிள்ளைக்கு அம்மருந்து ஊன்றுகோல் போன்றது. அதனை உண்ணும் பிள்ளையை ஏளனம் செய்வதோ, அதன் பெற்றோரைக் குறைகூறுவதோ பெரும்பிழை. கால் நலமுள்ளவன் பந்தயத்தில் வெல்ல ஊன்றுகோலைப் பறிப்பதையே இக்கட்டுரை கண்டிக்கின்றது.

மாத்திரை தருவதும் தராததும்

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அம்மாத்திரை கேட்டதைத் தருகிறதா என்பதையேனும் ஆராய்வோம்.

இவ்வகை மருந்துகள் மூளையில் டோப்பமின், நோரட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்களின் ஆற்றலை மிகுவிக்கின்றன. உறக்கம் விலகுகிறது, சலிப்பு மறைகிறது, செய்யும் செயல் எதுவாயினும் சிறந்ததாகத் தோன்றுகிறது. இத்தோற்றமே ஏமாற்று. 2013இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் நலமுள்ள இளையர் 46 பேருக்கு ஆம்ஃபெட்டமின் வகை மருந்தையும் போலி மாத்திரையையும் வெவ்வேறு நாளில் கொடுத்துச் சோதித்தனர். அறிவுத்திறனில் குறிப்பிடத்தக்க உயர்வு பெரிதும் காணப்படவில்லை. ஆனால் மருந்துண்ட நாளில் தாம் மிகச் சிறப்பாகச் செய்ததாகவே அவர்கள் நம்பினர்.

2023இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. நலமுள்ள 40 பேரிடம் ஒரு புதிர் கொடுக்கப்பட்டது. எடைக்கு வரம்புள்ள பையில் எந்தெந்தப் பொருளை இட்டால் மொத்த மதிப்பு மிகும் என்று கண்டுபிடித்தல் வேண்டும். மருந்துண்டபோது அவர்கள் கூடுதல் நேரம் முயன்றனர். பொருள்களைக் கூடுதல் முறை மாற்றி மாற்றி வைத்தனர். ஆனால் அம்முயற்சியின் தரம் தாழ்ந்தது. மருந்தின்றி நன்கு செய்தவரே மருந்துண்டபின் சராசரிக்குக் கீழே இறங்கும் போக்கும் காணப்பட்டது. முயற்சி பெருகிற்று, சிந்தனை சிதறிற்று. திறமையுள்ள மாணவனே இதனால் மிகுதியும் இழக்கின்றான் என்பது எத்துணைப் பெரிய முரண்!

இனி, உறக்கத்தைப் பற்றி ஒரு சொல். 1924இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டேலன்பாக் என்னும் இருவர் ஓர் எளிய ஆய்வு செய்தனர். மாணவர் இருவர் பொருளற்ற அசைகளை மனனம் செய்தனர், பின்னர்ச் சிலவேளை உறங்கினர், சிலவேளை விழித்திருந்தனர். உறங்கி எழுந்தபோது நினைவில் நின்றவை, விழித்திருந்தபோது நின்றவற்றைவிட மிகுதி. அதன்பின் வந்த ஆய்வுகள் பலவும், கற்றதை மூளை நிலைநிறுத்தும் காலம் உறக்கமே என்பதை உறுதிப்படுத்தின. ஆகவே உறக்கத்தை விற்று விழிப்பை வாங்கும் மாணவன், தான் இரவெல்லாம் அடுக்கிய நெல்லைத் தானே களஞ்சியத்துக்கு வெளியே கொட்டிவிடுகின்றான். நெஞ்சுத் துடிப்பு மிகுதல், பசியின்மை, பதற்றம், நாளடைவில் அது இன்றி இயங்க முடியாத அடிமைநிலை ஆகியன அதற்கு மேலே அவன் செலுத்தும் வட்டி.

சிராங்கூன் சாலையிலிருந்து வீடுவரை

தேர்வுக்காலத்தில் சிராங்கூன் சாலை வழியே நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணலாம். நாட்டு மருந்துக் கடையில் வல்லாரைப் பொடி கேட்கும் தாய். கோயிலில் பிள்ளையின் பெயருக்கு அர்ச்சனை செய்யும் தந்தை. கலைமகள் விழாவில் புத்தகத்தை அடுக்கி வைக்கும் சிறுமி. நம் அண்டை வீட்டுச் சீனத்தாயோ கோழிச்சாற்றுப் புட்டியைத் திறந்து பிள்ளைக்கு ஊட்டுகின்றாள். இவற்றை நாம் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. அவை அன்பின் வடிவங்கள்.

ஆனால் அந்த அன்போடு சொல்லாமல் சொல்லும் செய்தி ஒன்றும் பிள்ளையின் செவியில் விழுகின்றது. "நீ இப்போதிருக்கும் நிலையில் போதாய், உனக்கு வெளியிலிருந்து ஏதோ ஒன்று சேர்க்கப்பட வேண்டும்" என்பதே அச்செய்தி. வல்லாரையில் தொடங்கிய அவ்வெண்ணம், துணைப்பாட வகுப்பு ஒன்று இரண்டாகி மூன்றாகி, நள்ளிரவுக் காப்பியாகி, இறுதியில் எவனோ ஒருவன் நீட்டும் மாத்திரையிடம் போய் நிற்கக் கூடும். எல்லாப் பிள்ளையும் அவ்வழியே செல்வதில்லை. செல்லும் ஒரு பிள்ளை நம் வகுப்பில் இருக்கலாம் என்பதே நம் கவலை.

அளவுகோலும் மாறுகிறது

அபின் வரலாறு சட்டத்தின் எல்லையையும் காட்டுகிறது. 1946இல் தடை வந்த பின்னரும் அடிமைப்பட்டோர் இருந்தனர். அவர்களுக்கென 1955இல் செயின்ட் ஜான் தீவில் சிகிச்சை நிலையம் அமைக்க வேண்டியிருந்தது. கப்பல்துறையில் மனிதன் முதுகு செய்த பணியைப் பொறிகள் ஏற்றுக்கொண்டு, தொழிலாளர் வாழ்வு சீர்பெற்று, குடும்பமும் வீடும் அமைந்தபோதுதான் குழலின் தேவையும் குன்றியது. கடையை மூடுவது சட்டத்தின் கையில். தேவையைக் குறைப்பது சமுதாயத்தின் கையில்.

கல்வித்துறையும் இதனை உணர்ந்தே வருகிறது. 2012 முதல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் முதலிடம் பெற்றோரின் பெயர்கள் அறிவிக்கப்படுவதில்லை. 2019 முதல் தொடக்கநிலை ஒன்று, இரண்டு வகுப்புகளில் தேர்வுகளே இல்லை. 2021இல் நுண்ணிய மதிப்பெண் ஒப்பீட்டுக்கு மாற்றாகத் தரநிலைகள் வந்தன. 2023 முதல் அரையாண்டுத் தேர்வுகள் நீங்கின. 2024இல் உயர்நிலைப்பள்ளியில் சேர்ந்த மாணவர் தொடங்கி, பழைய தரம்பிரிப்பும் முடிவுக்கு வந்தது. அரசு அளவுகோலைத் தளர்த்திவிட்டது. ஆனால் வீட்டுக் கூடத்தில் தொங்கும் அளவுகோல்? அதனைத் தளர்த்த வேண்டியவர்கள் பெற்றோரும் ஆசிரியருமாகிய நாமே.

தமிழாசிரியர்க்கு இதில் தனிக்கடமை உண்டு. நம் வகுப்பு, மாணவன் தன் தாய்மொழியில் மனம்திறக்கும் இடம். கண்சிவந்து, உணவு மறந்து, திடீரென உற்சாகமும் திடீரெனச் சோர்வும் காட்டும் மாணவனை முதலில் காண்பவர் நாமாக இருக்கலாம். அவனிடம் மதிப்பெண்ணைக் கேட்குமுன், நேற்றிரவு எத்தனை மணிக்கு உறங்கினாய் என்று கேட்போம். மருத்துவரின் உதவி வேண்டுமாயின் தயங்காது வழிகாட்டுவோம். மாணவச் செல்வங்களே, உங்களிடமும் ஒன்று கூறவேண்டும்: ஒரு தேர்வில் தோற்றவன் மீண்டும் எழுதலாம், தன் உடலையும் பெயரையும் பணயம் வைத்துத் தோற்றவன் மீட்பது அரிது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். பிறர்க்குரிய மருந்தைத் தேர்வுக்காக விழுங்குபவன் கையில், மருந்தின் பெயர்தான் எஞ்சுகிறது. மயக்குவதால் அது கள். பெறாததைப் பெற்றதாகக் காட்டி, இருப்பதையும் பறிப்பதால் அது சூது. வள்ளுவர் கல்வியை இவற்றின் அருகில் வைக்கவில்லை. பொருட்பாலில் அரசுக்கு அடுத்து, 40ஆம் அதிகாரமாக, தொலைவில் வைத்திருக்கிறார். அத்தொலைவை நம் பிள்ளைகள் குறைத்துவிடாமல் காப்பது நம் தலைமுறையின் பணி. குழலைப் பாட்டனின் கையிலிருந்து விடுவிக்க இந்நாட்டிற்கு நூறாண்டுக்கு மேலாயிற்று. மாத்திரை பேரனின் கைக்குச் செல்லுமுன் நாம் விழித்துக்கொள்வோமாக.